விலகியிருத்தலும் கைவிடுதலும்

பிறருயிரைக் காத்தற்பொருட்டு அவரை விட்டு விலகியிருத்தல் அறமாகுமா, அன்றி அவரைக் கைவிடுதலாகுமா? இவ்வினா, 2020ஆம் ஆண்டிலே கொறோனாக் கொள்ளைநோய் பரவியபோது நம்மனைவர் முன்னும் எழுந்தது. அவ்வாண்டு மார்ச்சு மாதம் 20ஆந் திகதி மாலை தொட்டு இலங்கை முழுவதும் ஊரடங்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒருவரைவிட்டு ஒருவர் ஒரு மீற்றர் தூரமேனும் விலகி நிற்றல் விதியாயிற்று. அவ்விதி எல்லார்க்கும் பொதுவே. ஆயினும் அதன் பாரம் எல்லார்க்கும் ஒத்ததன்று.

முதுமையிற் பார்வை இழந்தோரை எடுத்துக்கொள்வோம். அவர்க்குக் கையே கண். கதவுநிலை, கைத்தடி, பிறர்தோள் ஆகியவற்றைத் தொட்டே அவர் நடமாடுகின்றார். அயலில் நிற்பவர் எவ்வளவு தூரத்தில் நிற்கின்றார் என்பதை அவர் காணார். குரலால் ஆளை அறியலாமெனின், முகக்கவசம் அக்குரலையும் மழுக்கிற்று.

முதியோரையே அந்நோய் மிகுதியுங் கொன்றது. ஆதலின் அவரை அணுகாதிருத்தலே அன்பு என்பார் சிலர். அக்கூற்றில் உண்மை உண்டு. அதனைத் தள்ளுதல் பேதைமை. ஆயின் மூச்சைக் காத்தல் மாத்திரம் ஒருவரைக் காத்தலாகாது. வெண்புரைக்குரிய சத்திரசிகிச்சை சில மாதம் தாமதித்தாலும், பின்னர்ச் செய்து பார்வையைப் பெரும்பாலும் மீட்கலாம். குளுக்கோமா என்னும் நோயினால் இழந்த பார்வையோ மீளாது. அதற்குரிய துளிமருந்தை நாடோறும் தவறாது இடல் வேண்டும். அக்காலத்தில் அரசினர் வைத்தியசாலை மருந்துகளைத் தபால்மூலம் வீடுகளுக்கு அனுப்புவித்தனர். அது நற்செயலே. எனினும், வாயிலில் வந்த பொதியின்மேல் எழுதியதை வாசிப்பவர் யார்? அரசினர் கடமை முடிந்த அவ்விடத்திலே அயலவர் கடமை தொடங்குகின்றது.

அக்கடமையிற் பெரும்பகுதி வேலிக்கு அப்பால் நின்றே செய்யத்தக்கது. குறித்த வேளையிற் பெயர் சொல்லி அழைத்து நலம் வினாவலாம். பத்திரிகையை உரக்க வாசிக்கலாம். காலை மருந்துக் குப்பிக்கு ஒரு நூலும் இரவு மருந்துக்கு இரு நூலும் கட்டிக் கொடுக்கலாம். பார்வை மங்கியோருட் சிலர்க்கு இல்லாத உருவங்கள் தோன்றுவதுண்டு. அது பித்துமன்று, பேயுமன்று. கண் அனுப்பாத காட்சியை மூளை தானே புனைவதாம். தனிமை அதனை மிகுவிக்கவுங் கூடும்; ஆதலின் அயலவர் குரலும் அவர்க்கு ஒரு மருந்தே. நடத்திச் செல்லுதல் இன்றியமையாதவிடத்து, கைகழுவி முகக்கவசம் அணிந்து, நம் முழங்கைக்கு மேலே அவர் பற்றிக்கொள்ள, அரையடி முன்னே நடத்தல் முறை. அவர் கையைப் பற்றி இழுத்தல் தகாது.

இனி, இதற்கு மறுதலையான பிழையொன்றும் உண்டு. பாதுகாப்பு என்னும் பெயரால் முதியவரை ஒரு மூலையில் இருத்தி, அனைத்தையும் நாமே செய்துவிடுதல் அது. அடியெண்ணிக் கிணற்றடிக்குப் போய்வரப் பழகியவரை எழவொட்டாது தடுப்பின், நோய் பறியாத வலிமையை நாம் பறித்தவராவோம். கேளாமல் அவர் பொருள்களை இடம்மாற்றுதலும் அத்தகையதே. அவரால் இயலாததைத் தாங்குதல் உபகாரம். இயல்வதையுங் கவர்ந்துகொள்ளுதல் அதிகாரம்.

ஆசிரியர்களே, உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்நோய்பற்றிய அவசரநிலையை நீக்கிற்று. பிள்ளைகள் பிறநாடு சென்றுவிடத் தனித்து வாழும் பார்வையற்ற முதியோர் பலர்க்கோ ஊரடங்கு இன்னும் நீங்கிற்றிலது. முதியோரை அணுகுங்கால் முதலிலே தம் பெயரைச் சொல்லவும், உதவுமுன் கேட்கவும், முழங்கையை நீட்டவும் நம் மாணாக்கர்க்குப் பழக்குவோமாக. இதற்குப் பாடநூல் வேண்டுவதில்லை; ஒரு மாலைப்பொழுது போதும். உடல் விலகி நிற்றல் ஒரோவழி அறமாகும். அவ்வாறு நின்றும் நம் குரல் அவரைச் சென்றடையுமாயின், அது கைவிடுதல் ஆகாது.