எண்ணிக்கையும் பொறுப்பும்

ராயகிரியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் பேத்தி தவழ்கிறாள். எட்டு மாதம். பேச்சில் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி கிடையாது. பழைய ஏட்டுச் சுவடி மாதிரி ஒரே ஓட்டம். அவள் அதை எங்கே பிரிக்கிறாள்?

1996இல் அமெரிக்காவில் ஸாஃப்ரன், ஆஸ்லின், நியூபோர்ட் மூவரும் எட்டு மாதக் குழந்தைகளுக்கு அர்த்தமற்ற அசைகளை, இடைவெளியோ அழுத்தமோ இன்றி, இரண்டு நிமிஷம் ஒலிக்கவிட்டார்கள். எந்த அசைக்குப் பின் எது அடிக்கடி வருகிறது என்பதை வைத்தே குழந்தைகள் 'சொற்களை' இனம் கண்டன. பழகிப்போன கோவையைவிட அந்நியமானதை அதிக நேரம் கவனித்ததிலிருந்து இது தெரிந்தது. பெரியவர்களிடமும் இத்திறன் இருப்பதை அவர்களே காட்டினார்கள். ஆக, அர்த்தத்துக்கு முன்னால் எண்ணிக்கை.

என் சங்கடம் இங்கேதான். வாசலுக்கு வரும் மூத்தவர் ஒருவரை 'வாங்க' என்கிறோம். அவரினும் மூத்த இன்னொருவரை 'வாலே' என்கிறோம். வித்தியாசம், அவர் எந்தத் தெருக்காரர் என்பதே. எந்த முகத்துக்கு எந்தச் சொல் என்பதையும் பேத்தி எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்றே நினைக்கிறேன். தான் தேர்ந்தெடுக்காததற்கு அவள் பொறுப்பல்ல. நானும் இப்படித்தானே கற்றேன் என்று நான் நழுவிவிட முடியுமா? முடியாது. என் காது இன்னும் எண்ணுகிறது; பழகியதை மாற்றிப் பழகலாம்.

நேற்று கூலி வாங்க வந்த பெரியவரை, என் தகப்பனார் கடைசிவரை ஒருமையிலேயே கூப்பிட்டவரை, 'வாங்கண்ணாச்சி, உட்காருங்க' என்றேன். என் நாக்குத் தடுமாறியது. அவரும் தடுமாறி நின்றுகொண்டே இருந்தார். பேத்தி பார்த்துக்கொண்டிருந்தாள்.

கணக்கில் ஒன்று.