குதிகால் வலியும் பழவினையும்

தமிழ்நாட்டின் எல்லை முடிந்து கர்நாடகத்தின் அத்திப்பள்ளி தொடங்கும் இடத்தருகே, ஓசூர்த் தொழிற்பேட்டையை ஒட்டி அமைந்தது ஜூஜுவாடி. இத்தகைய ஊர்களில் ஷிப்ட் முழுவதும் சிமென்ட் தரையில் நின்று உழைப்போருக்கு நேரும் குதிகால் வலி மருத்துவத்துக்கு மட்டுமன்றிச் சமயச் சிந்தனைக்கும் உரிய வினா ஒன்றை எழுப்புகிறது: உடல் படும் துன்பம் பழவினையின் பயன் என்றால், அதற்கு வேறு காரணம் தேடுவதில் பொருள் உண்டா?

பாலி மொழியிலுள்ள சம்யுத்த நிகாயத்தில் மோலிய சீவகன் என்னும் பரிவிராசகன், அதாவது நாடோடித் துறவி, ஏறத்தாழ இதையே புத்தரிடம் கேட்கிறான். எல்லாத் துன்பமும் முன்வினையே என்போர், தாமே அறியக்கூடியதையும் உலகம் ஒப்பியதையும் கடந்து பேசுகின்றனர் என்று மறுக்கும் புத்தர், பித்தம், கபம், வாதம், இவற்றின் கலப்பு, பருவ மாற்றம், உடலை முறைகேடாக நடத்துதல், தாக்குதல், வினைப்பயன் என எட்டுக் காரணங்களைக் கூறுகிறார். வினை மறுக்கப்படவில்லை, எட்டில் ஒன்றாகச் சுருங்குகிறது. ஊழுக்கு ஓர் அதிகாரமும் மருந்துக்கு ஓர் அதிகாரமும் வகுத்த திருக்குறளும் இவ்விரண்டையும் பகையாகக் கருதவில்லை.

குதிகால் வலியின் மிகப் பொதுவான காரணம், குதி எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை ஓடும் தடித்த நார்ப்பட்டை, நெடுநேர நிற்றலாலும் உடல் எடையாலும் கெண்டைக்கால் இறுக்கத்தாலும் நைந்துபோவதாகும். காலையில் ஊன்றும் முதல் அடியிலேயே சுருக்கென வலிப்பது அதன் அடையாளம் என்பதால், மருத்துவர் பெரும்பாலும் விசாரித்தும் குதியின் அடிப்பகுதியை அழுத்திப் பார்த்துமே அதை அறிந்துவிடுவார். எக்ஸ்ரேயில் தெரியும் எலும்பு முள் வலியற்றோர் பலருக்கும் உண்டு. 'எலும்பு வளர்ந்துவிட்டது' என்று மனம் தளர்வது தலையெழுத்துக் கொள்கையின் புது வடிவமே. கெண்டைக்காலையும் உள்ளங்காலையும் நாள்தோறும் நீட்டும் பயிற்சி, மெத்தென்ற காலணி, நிற்கும் நேரக் குறைப்பு ஆகியவற்றால் பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள், அறுவையின்றியே, வலி தணிகிறது.

ஆயினும் வினைக் கொள்கைக்குக் கடினமான இடம் இனித்தான் வருகிறது. செய்தவனே பயனை நுகர்வான் என்பது அதன் அடிப்படை. ஆனால் நிற்கும் நேரத்தையோ தரையையோ தொழிலாளி தீர்மானிப்பதில்லை. நின்றே வேலை செய்ய வேண்டியவர்கள் வாய்ப்புள்ளபோது அமர்ந்து இளைப்பாற இருக்கை அளிக்க வேண்டும் என்ற, 2025 வரை நடப்பிலிருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவும், கடை ஊழியர்க்கும் அவ்வசதியைத் தந்த தமிழ்நாட்டின் 2021ஆம் ஆண்டுத் திருத்தமும், அவ்வலிக்கான பொறுப்பை அதை அனுபவிப்பவரின் முற்பிறவியில் தேடாமல் வேலை கொடுப்பவரிடம் வைத்தன.