ஒளியைக் கண்டவன் யார்?

தான் காணாத ஒளியை ஒருவன் பிறருக்குக் காட்ட இயலுமா என்னும் கேள்வியை, தத்துவ நூல்களைக் காட்டிலும் கூர்மையாக என் முன் நிறுத்தியது, அமெரிக்க நாட்டின் ‘கண்ட்ரி’ சங்கீதத்தில் தன்னிகரற்று விளங்கிய ஹாங்க் வில்லியம்ஸின் வாழ்க்கையே ஆகும். அலபாமா மாகாணத்தில் ஓர் இரவு கச்சேரி முடிந்து காரில் திரும்புகையில், மான்ட்கோமரி விமான நிலையத்தின் விளக்கைக் கண்ட அவருடைய தாயார், ஒளி தெரிகிறது என்று சொன்ன அந்தச் சாதாரண வார்த்தையே ‘ஐ சா தி லைட்’ என்னும் பக்திப் பாடலுக்கு வித்தாயிற்று என்பார்கள். 1948-இல் அது இசைத்தட்டாக வெளிவந்தது.

ஆனால், மதுவாலும் முதுகுவலியாலும் நலிந்துபோன ஹாங்க்கைத் தேற்றுவதற்காகக் காரில் உடன் சென்றோர் அப்பாடலையே பாடத் தொடங்கியபோது, அவர் சட்டென்று நிறுத்தி, ஒளி என்று ஒன்றும் இல்லை, எல்லாம் இருளே என்று சொன்னதாக, உடனிருந்த நகைச்சுவைக் கலைஞர் மின்னி பேர்ல் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

1953 ஜனவரி 1 அன்று, ஓஹியோ மாகாணத்துக் கான்டன் நகரில் கச்சேரி செய்யப் புறப்பட்டவர், வழியிலேயே காரின் பின்னிருக்கையில் உயிரற்றுக் கிடந்தார், வயது 29. காத்திருந்த சபையோர் மரணச் செய்தி கேட்டுத் திகைத்திருக்க, மேடையிலிருந்தோர் பாடியது அதே பாடலைத்தான். சபையோரும் உடன் பாடினர்.

விளக்கினடியில் இருள் இருப்பதனால் அதன் சுடர் பொய்யாகிவிடாது. இருளில் நின்று ஒளிக்காக ஏங்கும் ஆத்மாவின் குரலும் பிரார்த்தனையே.