எச்சரித்தோம் என்பது விடுதலையாகுமா?

அபாயத்தை அறிந்த ஒருவன் அதனை அறியாத மற்றொருவனுக்கு எடுத்துச் சொல்லிவிட்டால், அவன் கடமை அவ்வளவில் தீர்ந்துவிடுமா? இக்கேள்வி நூல்களைப் படித்து நமக்கு எழுந்ததன்று. தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் நம்மைப் போன்றோர் கையில் அடிக்கடி வந்துபோகும் ஒரு காகிதத்திலிருந்து எழுந்தது.

2016-ஆம் ஆண்டில், நாம் வேலைக்குச் சேர்ந்து அதிக காலம் ஆகாத பொழுது, காலைப் பெரட்டு முடிந்ததும் மருந்தடிக்கும் பெண்களை ஸ்டோரின் முன் நிறுத்தி ஓர் அறிவிப்பை வாசிக்கும்படி நமக்குக் கட்டளையாயிற்று. ஆங்கிலத்தில் வந்ததைத் தமிழாக்கியவரும் நாமே. கையுறை அணிக, முகமூடி அணிக, காற்றுக்கு எதிராகத் தெளிக்கற்க, வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் குளிக்க என்று இவ்வண்ணம் சென்றது அவ்வறிவிப்பு. நம் தமிழ் நடையைப் பற்றி நமக்குச் சிறிது பெருமையும் இருந்தது. வாசித்து முடித்து ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்குகையில், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார், “கிராணி ஐயா, நீங்க படிச்சதெல்லாம் சரிதான். இந்த வெயில்ல அதையெல்லாம் போட்டுக்கிட்டு, பம்பையும் தூக்கிக்கிட்டு, ஒரு மணி நேரம் நடந்து பார்த்திருக்கீங்களா?” என்று கேட்டார். சுற்றி நின்றோர் நகைத்தனர். நாமும் நகைத்தோம். தாள் கோப்பில் சேர்ந்தது.

அத்தாள் யாரைக் காப்பதற்காக எழுதப்பட்டது? அம்மையாரின் நகங்கள் முன்னரே கறுத்துப் பிளந்திருந்தன. அவற்றை அத்தாள் காக்கவில்லை. பின்னொரு நாள் வழக்கென்று ஒன்று எழுமாயின், “சொல்லியிருந்தோம், அவரே கையெழுத்திட்டிருக்கிறார்” என்று காட்டுவதற்கு உதவும். எச்சரிக்கை என்று நாம் பெயரிட்ட அந்தச் செய்கை, உண்மையில் பழியை ஒரு தோளிலிருந்து மற்றொரு தோளுக்கு இறக்கி வைத்த செய்கையே. இறக்கியவன் தோள் வலியது. ஏற்றவர் தோளிலோ ஏற்கெனவே ஒரு பம்பு தொங்கிக்கொண்டிருந்தது.

ஆற்றுப் பாலம் உடைந்திருக்கிறது என்று வழிப்போக்கனிடம் சொல்கிறோம். அவன் திரும்பிப் போகலாம். வேறு வழியும் தேடலாம். நம் சொல் அவனுக்குப் பயன்பட்டது. நம் கடமையும் தீர்ந்தது. ஆனால் அவன் வீடும் மக்களும் அக்கரையில் இருக்க, அந்தப் பாலமன்றி வேறு வழியும் இல்லையாயின், “உடைந்திருக்கிறது, பார்த்துப் போ” என்பதனால் யாது பயன்? முன்பு அறியாமல் நடந்தவன் இனி அஞ்சிக்கொண்டே நடப்பான். அவனைத் தடுக்கவும் செய்யாமல், பாலத்தைச் செப்பனிடவும் செய்யாமல், சொன்னோம் என்று வீடு திரும்புகிறவனை நல்லோன் என்று கூற நமக்கு மனம் வரவில்லை. அப்பாலத்தின் வாயிலில் நின்று சுங்கம் வாங்குகிறவனும் அவனேயாயின், சொல்ல வேண்டுவதில்லை.

அக்காலத்தில் தோட்டங்களில் பெரிதும் வழங்கிய களைக்கொல்லி பாராக்குவாட் என்பது. 1962-இல் கடைக்கு வந்தது. அதற்கு மாற்று மருந்தென்று இன்றளவும் ஒன்றுமில்லை. ஒரு வாய் உட்கொண்டால் நுரையீரல் தழும்பேறி, மூச்சு வாங்க இயலாமல், சில நாட்களிலோ சில வாரங்களிலோ உயிர் போகும். உட்கொள்ளாமல் நாள்தோறும் அதனோடு புழங்குகிறவர்க்கு நகம் கெடுதல், மூக்கில் இரத்தம் வடிதல், தோல் புண்ணாதல், கண்ணெரிச்சல் ஆகியன உண்டாகின்றன. புண்பட்ட தோலின் வழியே நஞ்சு உடலுக்குள் இறங்கவும் கூடும். சுவிட்சர்லாந்து தேசம் இதனை 1989-லேயே விலக்கிற்று. ஐரோப்பிய நாடுகளில் 2007 முதல் இதற்கு அனுமதியில்லை. ஆயினும் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு நகரத்து ஆலையிலிருந்து பிற தேசங்களுக்கு ஏற்றுமதியாவது அதன் பின்னரும் பல ஆண்டுகள் நிற்கவில்லை. தங்கள் வயலுக்கு ஆகாதது பிறர் தோட்டத்துக்கு ஆகும் என்பது என்ன நியாயமோ, நமக்கு விளங்கவில்லை.

இத்தகைய பொருளுக்குத் தோட்டத்தார் வாயில் வழங்கும் பெயர் “மருந்து” என்பது. புல் மருந்து, பூச்சி மருந்து, மருந்தடிக்கிற வேலை! சாதிக்கு ஆசாரமென்றும், பெண்ணடிமைக்குக் கற்பென்றும் பெயரிட்டு வாழ்ந்த சமூகத்துக்கு நஞ்சை மருந்தென்று அழைப்பது பெரிய காரியமன்று. எனினும் இப்பெயர் சூதறியாத மக்களின் நாவில் வந்து படிந்தது. அதனைத் திருத்தாமல் அறிவிப்பிலும் அவ்வாறே எழுதியவர் நாம். பிரசாரம் செய்யப் புகுவோர் முதலில் செய்யத்தக்கது பொருளை அதன் பெயரால் அழைப்பதே.

“அங்ஙனமாயின் பேச்சும் பத்திரிகையும் வீண் என்கிறீரோ?” என்று நேயர் கேட்கலாம். அல்ல. பேச்சில் இரு வகை உண்டு என்கிறோம். கேட்பவனை மேலும் எச்சரிக்கையாக அடங்கி நடக்கச் செய்யும் பேச்சு ஒரு வகை. கேட்பவனைத் திருப்பிக் கேட்கச் செய்யும் பேச்சு மற்றொரு வகை. மேடையில் இரண்டும் ஒன்று போலவே ஒலிக்கும். இரண்டுக்கும் மாலை விழும்.

மலாயாத் தமிழர் இரண்டாம் வகையை அறியாதவரல்லர். 1929-இன் இறுதியில் பெரியார் ஈ. வெ. ராமசாமி இந்நாட்டுக்கு வந்து பேசினார். சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் 1932-இல் தோன்றிற்று. அதன் பயனாக 1935-இல் கோ. சாரங்கபாணியின் முயற்சியில் தமிழ் முரசு பிறந்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவரான ஆர். எச். நாதன், தமிழ் நேசனில் பணியாற்றிய பத்திரிகைக்காரர். தொழிலாளர் வைத்த கோரிக்கைகளைப் பாருங்கள். சீனத் தொழிலாளிக்கு ஒப்பான கூலி கேட்டனர். பிள்ளைகளுக்குப் பள்ளியும், நோய்க்குத் தக்க வைத்தியமும் கேட்டனர். தோட்டத்துக் கள்ளுக்கடையை மூடு என்றனர். துரைமார்க்கும் கிராணிமார்க்கும் எதிரே சைக்கிளை விட்டு இறங்காமல் செல்லும் உரிமை வேண்டும் என்றனர். தங்கள் பெண்டிர்பால் வெள்ளைத் துரைமாரும் “கறுப்புத் துரைமாரும்” செய்யும் தகாச் செயல்களை நிறுத்து என்றனர். நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு அனுப்பினர். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர்.

அக்கோரிக்கைப் பட்டியலில் கறுப்புத் துரைமார் என்ற சொல்லால் குறிக்கப்பட்டவருள் நம் வகுப்பாரும் உண்டு. ஆங்கிலம் படித்து ஆபீஸில் அமர்ந்த கிராணிமார். ஆகவே அச்சரித்திரத்தை நாம் வாசிக்கும்போது பெருமையோடு கூடச் சிறிது வெட்கமும் எய்துகிறோம். சைக்கிள் விஷயத்தை அற்பமென்று எண்ணற்க. கூலி உயர்வை எவனும் கேட்பான். சைக்கிளிலிருந்து இறங்க மாட்டேன் என்பதற்கு, தானும் மனிதன் என்று ஒருவன் முன்னரே தனக்குள் முடிவு செய்திருக்க வேண்டும். அம்முடிவுக்கு அவனைக் கொணர்ந்ததில் மேடைப் பேச்சுக்கும், ஒருவர் வாசிக்கப் பலர் கேட்ட பத்திரிகைக்கும் பங்குண்டு.

இனி இயற்கையைக் காப்பது பற்றிய பிரசாரத்துக்கு வருவோம். காடு, ஆறு, யானை, சதுப்பு நிலம் ஆகியவை பற்றி நகரத்து மண்டபங்களில் இந்நாளில் நல்ல பேச்சுகள் நிகழ்கின்றன. நாம் அவற்றைக் குறை கூற வரவில்லை. 1962-இல் அமெரிக்க மாது ரேச்சல் கார்சன் பூச்சிக்கொல்லிகளைப் பற்றி ஒரு நூலெழுதி, பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் அதனை எடுத்துப் பேசி, 1972-இல் அத்தேசம் டி. டி. டி. என்னும் நஞ்சைப் பயிர்களினின்றும் விலக்கியது. எழுத்து செய்யக்கூடியது எவ்வளவு என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா. ஆயினும் ஓர் ஐயம் நம்மை நெடுநாள் வருத்திற்று. அதனை ஈண்டு விரித்துக் கூறல் வேண்டும்.

பாராக்குவாட்டை ஆதரிப்போர் சொல்லும் வாதங்களுள் ஒன்று, அது மண்ணுக்கு நல்லது என்பது. இது முழுப் பொய்யன்று. அந்நஞ்சு மண்ணில் பட்டவுடன் களிமண்ணோடு இறுகப் பற்றிச் செயலற்றுவிடும். வேரோடு களையைப் பிடுங்கினால் மண் இளகி மழையில் கரைந்தோடும்; இதனைத் தெளித்தாலோ மேல் இலை மட்டும் கருகி, வேர் மண்ணைப் பிடித்து நிற்கும். ஆகவே மண்ணையும் ஓடையையும் மட்டும் அளவுகோலாகக் கொண்டு பேசும் ஒருவர், நேர்மையாகவே இதனை இயற்கைக்கு உகந்தது என்று புகழ்ந்துவிடக் கூடும். களிமண்ணில் அடங்கும் நஞ்சு, அதனைச் சுமந்து நடப்பவள் உடலில் அடங்குவதில்லை என்ற ஒன்று அவர் கணக்கில் வராது. அவர் கொடியவரல்லர். அவர் வரைந்த இயற்கைப் படத்தில் மரமும் மண்ணும் நீரும் பறவையும் உள்ளன. பம்பு சுமப்பவள் இல்லை. அவ்வளவே.

இதனால்தான் சமூக நீதியும் இயற்கைப் பாதுகாப்பும் தாமே ஒன்றாகிவிடும் என்று கூறும் இனிய பேச்சில் நமக்கு நம்பிக்கை குறைவு. அவை பிரிந்து செல்லும் இடங்கள் உண்டு. பிரியுமிடத்தில் எதனை முதலில் வைப்பது என்பதை மேடையேறுபவர் முன்னரே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். நம்மைக் கேட்டால், தன் உடலைக் கொண்டு விலை கொடுப்பவர் யாரோ அவர் சொல்லே முதலில் கேட்கப்பட வேண்டும் என்போம். மண்ணுக்காக வேறு வழி தேடலாம்; மூடுபயிர் விதைக்கலாம்; கையால் வெட்டலாம்; செலவு கூடும். செலவு கூடும் என்பதை மறைப்பது அறிவுடைமையன்று. சிறு தோட்டக்காரர் இதனால் நெருக்கமுறுவர் என்பதும் மெய்யே. ஆனால் அச்செலவு முன்பும் இருந்தது. அது பேரேட்டில் எழுதப்படாமல் பெண்களின் விரல் நகங்களில் எழுதப்பட்டிருந்தது.

“முறைப்படி பயன்படுத்தினால் தீங்கில்லை” என்பது அவர்களது மற்றொரு வாதம். இவ்வாக்கியத்தின் பாரம் முழுதும் “பயன்படுத்தினால்” என்பதன் ஈற்றில் நிற்கும் “ஆல்” என்ற உருபின்மேல் இருக்கிறது. முறை யாதெனின், மலேசிய வெயிலில் மேலங்கியும் முகமூடியும் கையுறையும் தரித்து, ஒழுகாத பம்பைச் சுமந்து, காற்றில்லாத வேளை பார்த்துத் தெளித்தல். இவற்றுள் எது தெளிப்பவள் கையில் உள்ளது? வெயிலா, பம்பா, வேளையா? நிறைவேற்றும் வல்லமை ஒருவனிடமும், நிறைவேற்றத் தவறிய பழி மற்றொருவரிடமும் இருக்குமாறு வகுக்கப்பட்ட நிபந்தனை, நிபந்தனை என்னும் பெயருக்கே தகுதியற்றது.

கலிபோர்னியாவின் திராட்சைத் தோட்டத் தொழிலாளர் இதனை நன்குணர்ந்திருந்தனர். 1965-இல் தொடங்கிய வேலைநிறுத்தத்தின்போது, சீசர் சாவேஸ் முதலியோர் கூலியைப் பற்றி மட்டும் பேசவில்லை. எங்கள் மேல் விழும் நஞ்சே உங்கள் மேசைப் பழத்தின் மேலும் உள்ளது என்று நகரத்து இல்லத்தரசியரிடம் கூறினர். இல்லத்தரசியர் திராட்சை வாங்குவதை நிறுத்தினர். 1970-இல் ஏற்பட்ட ஒப்பந்தங்களில் நஞ்சுக் கட்டுப்பாடும் இடம்பெற்றது. அங்கே எச்சரிக்கை தொழிலாளியிடம் போகவில்லை, தொழிலாளியிடமிருந்து புறப்பட்டது.

நம் நாட்டில் அவ்வழி சென்றோர் சிலரே. 1991-இல் தெனாகனித்தா அமைப்பைத் தோற்றுவித்த ஐரீன் பெர்னாண்டஸ் அவர்களும் அவர்தம் தோழியரும் தோட்டந்தோறும் சென்று, தெளிக்கும் பெண்களுக்குப் போதிப்பதற்கு முன்னர் அவர்கள் வாய்மொழியைக் கேட்டு எழுதினர். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தார் தமிழிலும் இதழ் அச்சிட்டு விஷயத்தைப் பரப்பினர். 2002-இல் அரசாங்கம் பாராக்குவாட்டைப் படிப்படியாக விலக்க முடிவு செய்தது. 2006-இல் அத்தடை தளர்த்தப்பட்டது. 2020 ஜனவரி முதல் தேதி முழுத்தடை அமலுக்கு வந்தது. இடையே பதினெட்டு ஆண்டுகள். ஐரீன் அவர்கள் 2014-இலேயே காலமாகிவிட்டார். அயல்நாட்டுத் தொழிலாளர் தடுப்பு முகாம்களில் படும் பாட்டை 1995-இல் வெளியிட்டதற்காக அவர்மேல் நடந்த வழக்கு 2008-இல் விடுதலையில் முடியும்வரை அவரை அலைக்கழித்ததும் ஈண்டு நினைக்கத்தக்கது.

அவர் அன்று பேசியது வங்காளியருக்காகவும் இந்தோனேசியருக்காகவும் என்பதைத் தமிழர் பலர் அறியார். அறிந்தோர் சிலர் முகம் சுளித்ததையும் நாம் கண்டதுண்டு. இன்று தோட்டத்துச் செக்ரோலைத் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் சிலவே. நம் பாட்டிமார் சுமந்த பம்பை இன்று வங்காளதேசத்து இளைஞன் சுமக்கிறான். பாராக்குவாட் போய்விட்டது, கிளைபோசேட்டும் குளுபோசினேட்டும் வந்திருக்கின்றன. அவ்விளைஞனது அனுமதிச் சீட்டு ஒரே முதலாளியோடு கட்டப்பட்டது; வேறு தோட்டம் தேடிப் போகவும் அவனுக்கு உரிமையில்லை. உடைந்த பாலத்துக்கு அக்கரையில் வீடுடையவன் என்று முன்னர்க் கூறினோமே, அவன் இவனே. மேடையேறிய தமிழர் இயக்கம் எதுவும் இன்னும் இவன் மொழியில் ஒரு துண்டுப் பிரசுரம் அடித்ததாக நாம் காணவில்லை. தம்மைத் தாழ்த்தியவரை எதிர்த்துப் பேசுவது சீர்திருத்தத்தின் பாதி. தமக்குக் கீழே புதிதாக வந்து நிற்பவனைத் தாம் எவ்வாறு விளிக்கிறோம் என்பது மறுபாதி. “ஏ பங்களா” என்று அவனைக் கூவுகின்ற நம்மவர் வாயில், 1941-இன் சைக்கிள் சரித்திரம் எவ்வாறு நிற்குமோ!

இவ்வாண்டும் அறிவிப்பு வந்தது. இம்முறை தமிழ், வங்காளம், இந்தோனேசிய மொழி என மூன்றிலும் வேண்டுமென்று கேட்டோம், இரண்டு கிடைத்தன. கையெழுத்துத் தாளில், “இவ்வுடையை அணிந்து வேலை செய்ய இயலுமா?” என்றொரு வரியும், அதற்கு விடையெழுத இடமும் சேர்க்க வேண்டுமென்று எழுதியனுப்பினோம். அதற்கு இன்னும் மறுமொழி இல்லை.

அந்த அம்மையாரின் கேள்விக்கு அன்று நாம் விடை கூறவில்லை. சில மாதங்களுக்குப் பின், ஒரு பிற்பகல், நீர் நிரப்பிய பம்பைச் சுமந்து, அவ்வுடை முழுதும் தரித்துச் செம்பனை வரிசைகளினூடே நடந்து பார்த்தோம். இருபது நிமிஷத்தில் முகமூடியைக் கழற்றிவிட்டோம். அதனை அவரிடம் சொல்லப் போனபோது, அவர் கணக்கு முடித்துக்கொண்டு மகளோடு வாழ ஈப்போவுக்குப் போய்விட்டதாக லயத்தார் கூறினர்.