சொன்ன சொல்லும் கேட்ட செவியும்

மாயக் கதைகளைப் படிப்போர் மனத்தில் எழும் பழைய வினா ஒன்றுண்டு. நடக்கப் போவது முன்னரே உரைக்கப்பட்டுவிட்டால், அதைச் செய்பவனுக்கு இக்தியார் எனப்படும் சுயவிருப்பம் எங்கே நிற்கிறது? இதனை ஆராய, 'ஆயிரத்தொரு இரவுக'ளில் மூன்றாம் கலந்தர் கூறும் கதையைவிடப் பொருத்தமான ஒன்றை நான் கண்டதில்லை.

கஸீபின் மைந்தன் அஜீப் ஒரு மன்னன். காந்தமலையில் கப்பல் நொறுங்கி, மலையுச்சியில் நின்ற பித்தளைக் குதிரைவீரனை அம்பெய்து கடலில் வீழ்த்தியபின், ஒரு தீவில் ஒதுங்குகிறான். அங்கே வணிகர் ஒருவர் தம் மகனை நிலவறையில் மறைத்து வைத்துச் செல்லக் காண்கிறான். குதிரைவீரனை வீழ்த்திய அஜீபின் கையால் இவன் இறப்பான் என்பது சோதிடர் வாக்கு. இளைஞன் வாயிலாகவே அதைக் கேட்ட அஜீப், தன் பெயரைச் சொல்லாமல், இவனை ஒருபோதும் கொல்லேன் என உள்ளத்துள் உறுதி பூண்டு, அங்கேயே தங்கிவிடுகிறான். வெந்நீர் வைத்துக் கொடுக்கிறான், உணவு பரிமாறுகிறான். நாற்பதாம் நாள், இளைஞன் விரும்பிய முலாம்பழத்தை அரிவதற்காகக் கத்தியை எடுக்கையில் கால் சறுக்கி விழ, அது இளைஞனின் நெஞ்சில் பாய்ந்துவிடுகிறது.

ஃபிக்ஹு கலையில் இதற்குப் பெயர் 'கத்லு கதா', அதாவது தவறுதலாய் நேர்ந்த கொலை. தியத் உண்டு, கிஸாஸ் இல்லை. சோதிடர் கையைக் கண்டனர், நிய்யத்தைக் காணவில்லை. (சோதிடத்தை நான் நம்புவதாக எவரும் கருத வேண்டா, கதைக்குள் நின்று பேசுகிறேன்.) ஆயினும் அஜீபை முற்றிலும் விடுவிக்க என் மனம் ஒப்பவில்லை. நிலவறையின் வாயில் திறந்தே இருந்தது. தீவின் மறுகோடியில் நாற்பது நாட்களைக் கழிக்க அவனைத் தடுத்தவர் யார்? தன் நன்மனத்தின் மீது கொண்ட மட்டற்ற நம்பிக்கையே அவனை அங்கே இருத்தியது.

இதே அஜீப் பின்னர் ஒரு மாளிகையை அடைகிறான். எல்லாக் கதவுகளையும் திறக்கலாம், ஒன்றைத் தவிர என்று அவனிடம் சொல்லப்படுகிறது. அதையும் திறக்கிறான். உள்ளே நின்ற கருங்குதிரை வாலைச் சுழற்றி அவன் ஒரு கண்ணைப் போக்கிவிடுகிறது. இங்கே விதியைப் பழிக்க நமக்குத் தோன்றுவதில்லை. ஏன்?

மதரஸாவில் பலாகத் ஓதியோர் இதனை எளிதில் உணர்வர். வாக்கியம் இருவகை: கபர், இன்ஷா. 'மழை வரும்' என்பது கபர், மெய்யாகலாம், பொய்யாகலாம். 'திறவாதே' என்பது இன்ஷா. அதற்கு மெய்யும் இல்லை, பொய்யும் இல்லை. இன்ஷாவுக்குக் கீழ்ப்படியவும் மாறு செய்யவும் வல்ல ஒருவன் எதிரே வேண்டும். முன்னறிவிப்போ வெறும் கபர். அறிவு அறியப்படும் பொருளைப் பின்தொடர்வது என்று கலாம் நூலார் சொல்வதும் இது பற்றியே.

ஆனால் கபரை இன்ஷாவாகக் கேட்கும் செவிகள் உண்டு. ரௌலிங் அம்மையாரின் ஹாரி பாட்டர் வரிசையில் 2003-இல் வந்த ஐந்தாம் நூலில் ஒரு முன்னறிவிப்பு வருகிறது. அது இரு குழந்தைகளுக்குப் பொருந்தும். அதில் பாதியை மட்டுமே அறிந்த கொடியவன், ஒருவனைத் தேர்ந்து கொல்லப் போய், தன் பகைவனைத் தானே ஆக்கிக் கொள்கிறான். எல்லா முன்னறிவிப்புகளும் பலித்துவிடுவதில்லை என்று அடுத்த நூலில் (2005) தலைமையாசிரியர் விளக்குகிறார். அந்த இடத்தில் நான் நூலை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் இருந்தேன்.

ஆசிரியப் பணியேற்ற புதிதில், ஸர்ஃபுப் பாடத்தில் தடுமாறிய மாணவனொருவனை, அவன் தகப்பனார் முன்னிலையில், "இவனுக்கு ஓதல் வராது" என்று சொல்லிவிட்டேன். கபராகத்தான் சொன்னேன். மறுவாரமே அவனை அழைத்துச் சென்று கடையில் சேர்த்துவிட்டார். பல்லாண்டுகள் கழித்து அக்கடையில் அவனைக் கண்டேன். எழுந்து நின்று ஸலாம் சொல்லி, "நீங்கள் அன்று சொன்னது அப்படியே பலித்துவிட்டது, ஹஜ்ரத்" என்றான். குறையாகச் சொல்லவில்லை, என் ஞானத்தை மெச்சியே சொன்னான். பின்னர் தன் மகனை முன்னே நிறுத்தி, "இவனுக்கு வருமா?" என்று கேட்டான்.

வருமென்றும் கூறவில்லை, வராதென்றும் கூறவில்லை. "கிதாபை எடுத்து வா, தம்பி" என்றேன்.