மார்க்கமும் மீட்பரும்

பண்டித ரமாபாய் அம்மையார் 1883ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றார். வேதத்தைக் கருத்தாய்க் கற்றார். 1889இல் பம்பாயில் விதவைப் பெண்களுக்கெனச் சாரதா சதனம் என்னும் கல்வி இல்லத்தைத் தொடங்கினார். ஆயினும், ஞானஸ்நானம் பெற்று எட்டு ஆண்டுகள் சென்றபின்னரே ஓர் உண்மை அவருக்குப் புலப்பட்டது: கிறிஸ்தவ மார்க்கத்தைக் கண்டடைந்த தாம் கிறிஸ்துவை இன்னும் கண்டடையவில்லை. இதை அவரே தமது சாட்சியில் அறிக்கையிட்டிருக்கிறார்.

பிலிப்புவும் ஆண்டவரோடு நடந்தவன், அவரோடு உண்டவன். அத்தனை காலம் உடனிருந்தும் தம்மை அறியவில்லையா என்று ஆண்டவர் அவனைக் கேட்க நேர்ந்தது (யோவான் 14:9). உடனிருப்பது வேறு, அறிந்திருப்பது வேறு.

அம்மையார் தமது நற்பணிகளைக் காட்டி மனதைத் தேற்றிக்கொள்ளவில்லை. வெறுங்கையோடு, நிபந்தனையின்றி இரட்சகரிடம் சரணடைந்தார். பூனாவுக்கு அருகே கேட்காவ் கிராமத்தில் அவர் நடத்திய முக்தி இல்லமும், மராத்தியில் அவர் செய்த வேத மொழிபெயர்ப்பும் அந்தச் சரணாகதிக்குப் பின் விளைந்த கனிகளே.

ஆலய வருகையும் காணிக்கையும் ஒருவருடைய பக்தியைப் பிறருக்குக் காட்டக்கூடும். இயேசு அவருக்கு யார் என்பதைக் கதவடைத்த ஜெப அறையே அறியும். அங்கே சொல் எழாமல் நிற்பவரையும் ஆண்டவர் தள்ளுவதில்லை. எட்டு ஆண்டுகள் கழித்து வந்தவரை ஏற்றுக்கொண்டவர் அவர்.