அப்புச்சி கூட்டிப்போன ஆள்

"பத்து வருஷத்துக்கு ஒரு சர்வாதிகாரி வந்தாத்தான் இந்த நாடு உருப்படும்."

திருச்செங்கோட்டிலிருந்து மல்லசமுத்திரம் வரும் பஸ்ஸில் பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன் சொன்னான். கூட இருந்தவர்கள் தலையாட்டினார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. காலேஜ் படிக்கும்போது நானும் இதையே சொல்லியிருக்கிறேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்புச்சி அன்றைக்கு ஒன்றுதான் கேட்டார். "வந்தா, நீ என்ன வேலை பார்ப்பே கண்ணு?"

அந்தக் கேள்வி அப்போது எனக்குப் புரியவே இல்லை. சர்வாதிகாரி வந்தால் எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார், நமக்கு ஏது வேலை?

1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டபோது அப்புச்சிக்கு 21 வயது. கைத்தறி நெய்துகொண்டிருந்தார். நெருக்கடி நிலையை ஆதரித்தார். விவரம் தெரியாமல் ஆதரித்திருப்பார் என்று பல வருஷம் நினைத்திருந்தேன். இந்திரா காந்தியின் 20 அம்சத் திட்டத்தைப் படித்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. கிராமத்துக் கடனுக்கு நிவாரணம், கொத்தடிமை ஒழிப்பு, கைத்தறிக்கென்றே ஓர் அம்சம். சஞ்சய் காந்தி இளைஞர்களிடம் கொடுத்த ஐந்து அம்சங்களோ வரதட்சணை ஒழிப்பு, சாதி ஒழிப்பு, எழுத்தறிவு, மரம் நடுதல், குடும்பக் கட்டுப்பாடு. வட்டிக்காரர் வாசலில் வந்து நிற்கும் வீட்டுப் பையன் இதில் எதை வேண்டாம் என்பான்? நம் இலக்கியக் கூட்டங்களில் மைக் பிடிக்கிற யாருமே முதல் நாலையும் மறுக்கமாட்டார்கள்.

1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. மிசாவில் பலர் உள்ளே போனார்கள். 22 வயது ஸ்டாலின் சென்னை மத்திய சிறையில் அடிபட்டார். அங்கே அடிபட்ட முன்னாள் மேயர் சிட்டிபாபு பிறகு இறந்தே போனார். ஊரில் யாரும் இதைச் சத்தமாகப் பேசவில்லை, பேப்பரிலும் வரவில்லை.

அந்த வருஷம்தான் குடும்பக் கட்டுப்பாட்டு முகாம். ஆள் சேர்க்கும் பையன்களில் அப்புச்சியும் ஒருவர். பக்கத்துத் தறிக்காரர் ஒருவரைக் கூட்டிப்போனார். அவருக்கு ஒரே பெண் குழந்தை. கடனும் இருந்தது, முகாமில் கொடுக்கிற காசு தேவைப்பட்டது.

"யாரும் அவரைக் கட்டி இழுக்கலை சாமி. நாந்தான் சைக்கிள்ல வச்சு மிதிச்சேன். நாட்டுக்கு நல்லதுங்கண்ணான்னு வழியெல்லாம் சொல்லிட்டே போனேன்."

அந்த மார்கழியில் குழந்தை காய்ச்சலில் இறந்துபோனது.

1976-77இல் நாடு முழுக்க 80 லட்சம் பேருக்கும் மேல் அறுவைச் சிகிச்சை நடந்தது. அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு சைக்கிள்கள்தான் நினைவுக்கு வருகின்றன.

அதே 1976 மார்ச் 1 அன்று, கோழிக்கோடு பொறியியல் கல்லூரி மாணவர் ராஜனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. கக்கயம் முகாமில் சித்திரவதை. உடல்கூடக் கிடைக்கவில்லை. அவருடைய அப்பா ஈச்சர வாரியர் நெருக்கடி நிலை முடிந்தபின் நீதிமன்றம் போனார். அந்த வழக்கில் கருணாகரன் முதல்வர் பதவியை இழந்தார். ராஜனை ஒரு பக்கம், அப்புச்சியை இன்னொரு பக்கம் நிறுத்திப் பார்ப்பது எனக்கு வெகுநாள் சுலபமாக இருந்தது.

அதைக் கெடுத்தவர் ஹான்ஸ் ஷோல். 'வெள்ளை ரோஜா' துண்டுப் பிரசுரங்களுக்காகத் தங்கை சோஃபியோடு 1943 பிப்ரவரி 22 அன்று கொல்லப்பட்டவர். அதே ஹான்ஸ், முன்பு நூரெம்பெர்க் நாஜி மாநாட்டுக்கு ஹிட்லர் இளைஞர் படையின் கொடியைத் தூக்கிக்கொண்டு போனவரும்கூட. அப்பா எவ்வளவோ மறுத்தும் அண்ணனும் தங்கையும் அந்த இயக்கங்களில் ஆசையாகச் சேர்ந்தார்கள். எதிர்த்தவர்கள் பிறவியிலேயே வேறு மாதிரி என்று நினைத்துக்கொள்வது நமக்கு வசதி, அவ்வளவுதான். கொடி தூக்கவைத்த அதே துடிப்புதான் பின்னால் பிரசுரத்தையும் தூக்க வைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது. நடுவில் 1937இல் கைதானார். 1942இல் மருத்துவ மாணவராக ரஷ்யப் போர்முனைக்குப் போய் அங்கே நடந்ததைக் கண்ணால் பார்த்தார்.

அப்புச்சியும்தான் பார்த்தார். தறிக்காரர் வீடு நாலு வாசல் தள்ளி.

1977 மார்ச் தேர்தல் அவருக்கு முதல் ஓட்டு. வடக்கே இந்திரா காந்தியே தோற்றார். இங்கே அவருடைய கூட்டணி 39இல் 34 இடங்களைப் பிடித்தது. அப்புச்சி ஓட்டும் அந்தக் கூட்டணிக்குத்தான். குழந்தை செத்து மூன்று மாசம்தான் ஆகியிருந்தது.

"அதுக்கப்புறமும் ஏனுங்க அப்புச்சி?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "மாத்திப் போட்டா, நான் செஞ்சது தப்புன்னு ஆயிருமல்ல."

அன்றிலிருந்து இதை நினைத்துக்கொண்டிருக்கிறேன். பயம், ஆசை, பிரச்சாரம் என்று ஆட்சிகளைத் தாங்கி நிற்பவற்றைப் பற்றி நிறையப் படித்தாயிற்று. நல்லது செய்யப்போய் ஒரு கெடுதலில் கை வைத்துவிட்ட ஒருவர், அந்தக் கையைப் பார்க்க முடியாமல் இன்னும் கொஞ்சம் ஆதரிக்கிறார் என்பதை நான் எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு பக்கத்தில் பார்க்கவில்லை. தறிக்காரர் அப்புச்சியை ஒரு வார்த்தை ஏசியதில்லையாம். ஏசியிருந்தால் மாறியிருப்பாரோ என்னவோ.

பஸ்ஸில் அந்தப் பையனிடம் அப்புச்சியின் கேள்வியைக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் மல்லசமுத்திரம் வந்துவிட்டது. பருத்தி ஏல நாள், இறங்க விடாமல் கூட்டம். கீழே ஒரு பாட்டி மூட்டையோடு திணறிக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் குதித்து இறங்கி அதைத் தூக்கிக் கொடுத்தவன் அவன்தான்.